பாலத்தின் சாவி யார் கையில்?

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நாள் முழுதும் ஒரே படிவத்தை நிரப்பும் குமாஸ்தாவும் உழைப்பாளிதான். எங்கள் சங்க அலுவலகத்தில் சந்தாப் பட்டியலைப் பெயர் பெயராகத் தட்டித் தட்டி ஒரு தோழருக்கு விரல் வீங்கிவிட்டது. அந்த வேலையை இயந்திரமே செய்யட்டும் என்று ஓர் இளைஞர் வந்து 'பாலம்' ஒன்று கட்டினார். (இதைக் காட்டி ஆட்குறைப்புச் செய்யும் முதலாளியோடு நமக்கு வேறு சண்டை உண்டு; அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

பாலம் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு புரோகிராம். ஒரு பக்கம் நம் கட்டளையை வாங்கும். மறுபக்கம் திரையிலுள்ள பொத்தானை அமுக்கும், கட்டத்தில் எழுத்தைப் போடும். எது எந்தப் பொத்தான் என்று அதற்குச் சொல்வது யார்? விண்டோஸில் 'யூஐ ஆட்டோமேஷன்' என்னும் ஏற்பாடு. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் புரோகிராம்களுக்கும் அதுவே ஆதாரம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய 'என்விடிஏ' இலவசமாகக் கிடைக்கிறது. அதுவும் இந்த வாசலைப் பயன்படுத்துகிறது. பெயர் வைக்காத பொத்தான் என்றால் இருவர் பாடும் திண்டாட்டமே! புரோகிராம் விற்கும் கம்பெனிகளில் பல இதைக் கவனிப்பதே இல்லை. காசு வாங்க மட்டும் மறப்பதில்லை.

சரி, பாலம் கட்டியாயிற்று. வாசல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? இங்கேதான் எனக்கும் இளைஞருக்கும் தகராறு. அவர் நிறுவியது 'அப்பியம்'. அதற்கு அடியில் மைக்ரோசாப்டின் 'வின்ஆப்டிரைவர்'. பின்னது, தானாக விட்டால், 127.0.0.1 என்ற முகவரியில் நிற்கும். அது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே செல்லும் முகவரி. அப்பியமோ, முகவரி சொல்லாமல் தொடங்கினால், 0.0.0.0-ல் 4723-ஆம் எண் வாசலில் காத்து நிற்கும். அதாவது, தடுப்பு ஏதும் இல்லையென்றால், அதே வைஃபையில் இருக்கும் எவனும் வந்து நம் திரையில் பொத்தான் அமுக்கலாம்!

"நம் ஆபீசுக்குள் யார் வரப்போகிறார்கள்?" என்றார் இளைஞர். மாடியில் குடியிருக்கும் வட்டிக்கடைக்காரரும் இதே வைஃபையைத்தான் பயன்படுத்துகிறார் என்றேன். மதகுச் சாவியை வரப்பிலே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவன் உண்டா?

தொடங்கும்போதே 127.0.0.1 என்று முகவரியைக் கட்டிப்போட வேண்டும். நிர்வாகி கணக்கில் ஓட்டலாகாது. வேலை முடிந்ததும் பாலத்தை நிறுத்திவிட வேண்டும். இளைஞர் முணுமுணுத்துக்கொண்டே முகவரியை மாற்றினார். அன்று மாலைக்குள் சந்தாப் பட்டியல் முழுதும் ஏறிவிட்டது.