உடலை எள்ளேல்!

உணவின்றி உயிரில்லை, உடலின்றி உலக வாழ்வில்லை. இரண்டும் இறைவன் நமக்கு வழங்கிய அருட்கொடைகள். ஆயினும் இன்றைய இளையோருள் பலர் உணவைக் கண்டு அஞ்சுகின்றனர். கண்ணாடியைக் கண்டு நாணுகின்றனர். இவ்வச்சத்தையும் நாணத்தையும் அவர்களுக்கு ஊட்டியவர் யார்? திரைப்படத்தையும் கைப்பேசியையும் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் முதற்குற்றவாளி நம் வீட்டிலும் விருந்திலும் வகுப்பறையிலும் அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் கேலி.

நான் வளர்ந்தது திருச்சிராப்பள்ளியை அடுத்த கைலாசபுரத்தில். கொதிகலன்கள் செய்யும் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஊழியர் குடியிருப்பு அது. ஆலை 1965ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. என் அத்தா அவ்வாலையில் உழைத்தவர். விடியற்காலைப் பணிக்கு மிதிவண்டியில் புறப்படும்போது தூக்குச்சட்டியில் சோறு இருக்கிறதா என்பதே என் தாயாரின் கவலை. தெருவில் எதிர்ப்படுவோர் நலம் விசாரிக்கும் முறையும் “சாப்பிட்டாயா?” என்பதுதான். எங்கள் குடியிருப்பைப் போலவே திருவெறும்பூர் வட்டாரத்தில் அமைந்த பாப்பாக்குறிச்சியில்தான் 1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிள்ளைகளின் வயிறு வாடக்கூடாது என்று ஓர் அரசே எண்ணிய மண் இது. அதே மண்ணில், வீட்டில் சோறிருந்தும் வயிற்றை வாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை இன்று காண்கிறேன்.

அண்மையில் முத்தமிழ் விழா ஒத்திகையின்போது மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். மயக்கம் தெளிந்தபின் அவளது உணவுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தாயார் வைத்துக் கொடுத்த எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் கைபடாமல் இருந்தன. அருகில் அமர்ந்து பரிவோடு வினவியபோது உண்மை வெளிப்பட்டது. மூன்று திங்களாக அவள் ஒருவேளை மட்டுமே உண்டு வந்திருக்கிறாள். மதிய உணவைப் பேருந்து நிறுத்தத்து நாய்க்கு இட்டுவிடுவாளாம். விடுமுறை நாள்களில் வீட்டாரிடம் நஃபில் நோன்பு என்று சொல்லிவிடுவாளாம்.

இதற்கு வித்திட்டது ஒரு நிக்காஹ் விருந்து. நால்வர் சூழ்ந்துண்ணும் சஹனில் அவள் அமரப் போனபோது உறவினரான மூத்த பெண்மணி ஒருவர், “இந்தப் புள்ளைக்குத் தனியா ஒரு சஹன் வைங்க” என்றாராம். மகளிர் பந்தி முழுவதும் சிரித்ததாம்.

“நீ என்ன செய்தாய்?” என்று கேட்டேன்.

“நானும் சிரித்தேன் அம்மா” என்றாள்.

அவ்விடை என்னைத் தொல்காப்பியத்திற்கு இட்டுச் சென்றது. மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். உரை வகுத்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டபோது தானே நகுவதும் என அதனை இருவகைப்படுத்துவார். இவ்வுரையைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தியிருக்கிறேன். எள்ளப்பட்டவர் ஏன் சிரிக்கிறார் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அழுதால் இன்னும் எள்ளுவர் என்பதனால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கண்டு நாம், “அவள் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை” என்று அமைதியடைகிறோம்.

பிறரைச் சுட்டும் விரல் என்னையும் சுட்டவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் துறை நாடகம் ஒன்றில் பெருந்தீனிக்காரன் வேடத்தை, உடல் பருத்த மாணவன் ஒருவனுக்கு, அவன் உருவத்தைக் கண்டே கொடுத்தேன். அரங்கம் கைதட்டியது. மறு ஆண்டு அவன் என்னிடம், “இந்தமுறை நான் கவிதை வாசிக்கிறேனே அம்மா” என்று தயங்கிக் கேட்டான். அவன் நல்ல கவிஞன் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஓராண்டுக் காலம் அவனது வயிறு என் கண்ணை மறைத்திருந்தது.

“நல்லதற்குத்தானே சொல்கிறோம்? சொல்லாவிட்டால் பிள்ளைகள் பருத்துச் சர்க்கரை நோய்க்கு ஆளாக மாட்டார்களா?” என்று பெரியோர் கேட்பர். நேர்மையான கேள்வி. இந்தியாவில் சர்க்கரை நோயாளர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தெரிவிக்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு நாற்பதின்மர் மிகையெடை உடையவர்கள். அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஐம்பத்து மூவருக்குக் குருதிச்சோகையும் இருக்கிறது. பருத்த உடலெல்லாம் ஊட்டம் பெற்ற உடல் அன்று. மெலிந்த உடலெல்லாம் நலமுற்ற உடலும் அன்று என்பதை இவ்விரு எண்களும் சேர்ந்து உணர்த்துகின்றன.

எனவே நோயைப் பற்றிய கவலை வேண்டும். ஆனால் கேலி அந்நோய்க்கு மருந்தாகுமா? ஆகாது. பருமனுடையோரை இழிவுபடுத்துவது அவர்களின் உடலுக்கும் உள்ளத்துக்கும் கேடு விளைப்பதேயன்றி எடையைக் குறைக்க உதவாது என்று 2020இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் பன்னாட்டு வல்லுநர்கள் கூட்டாக அறிக்கை வெளியிட்டனர். பட்டினியும் மருந்தன்று. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு திங்கள் உணவைப் பெரிதும் குறைத்துப் பார்த்தார். அவர்களின் நினைவு முழுவதையும் உணவே பற்றிக்கொண்டது. சிலர் சமையல் நூல்களைப் படித்துப் பொழுது போக்கினர். கட்டுப்பாடு நீங்கியபின் எவ்வளவு உண்டும் பசி தீராது சிலர் அல்லலுற்றனர். நாள் முழுதும் பட்டினி கிடந்துவிட்டு இரவில் அளவின்றி உண்டு, பின் தன்னையே வெறுக்கும் இளையோரின் நிலை இதுதான். அது மனவலிமைக் குறைவன்று. பட்டினிக்கு உடல் தரும் மறுமொழி.

நம் முன்னோர் இந்நெறியை அறியாதவர் அல்லர். வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில், முன்னுண்டது செரித்தபின் பசியறிந்து அளவோடு உண்பதையே வலியுறுத்தினார். பசித்தால் உண்ணுதல், போதுமென்று வயிறு சொன்னால் நிறுத்துதல் என்னும் எளிய நெறி அது.

இஸ்லாம் காட்டும் நெறியும் அதுவே. உண்ணவும் பருகவும் சொல்லும் திருமறை, வீண்விரயம் கூடாது என்றும் சொல்கிறது (7:31). ஒருவரையொருவர் எள்ளுவதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் அது விலக்குகிறது (49:11). அவ்வசனம் ஆண்களை விளித்ததோடு நில்லாமல், பெண்கள் பெண்களை எள்ளுவதையும் தனியே எடுத்துக் கூறித் தடுக்கிறது. நம் பந்திகளில் இது நினைவில் இருக்கிறதா? இடைவிடாது நோன்பு நோற்ற தோழரிடம், உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நினைவூட்டினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். தன் உடலை வெறுத்துக் கிடக்கும் பட்டினிக்கு நோன்பென்று பெயர் சூட்டுவது, நிய்யத்தின் தூய்மைக்கே மாறானது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் வரலாற்று நிகழ்ச்சியை நாம் அறிவோம். அவர் மிஸ்வாக் குச்சிக்காக மரமேறியபோது காற்றில் ஆடை விலக, மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தனர். மறுமையின் தராசில் அக்கால்கள் உஹது மலையினும் கனமானவை என்றார்கள் நபியவர்கள். மனிதரின் எடையை எந்தத் தராசில் இட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கன யாவை? பெரியோர்களே, உணவின் முன் அமர்ந்த பிள்ளையின் உடலைப் பற்றிப் பேசாதீர்கள். பெண் பார்க்கச் செல்லும்போது எடையையும் இடையையும் விலைபேசாதீர்கள். ஆசிரியர்களே, உருவத்தைக் கொண்டு வேடமும் பட்டப்பெயரும் வழங்காதிருப்போம். இது எனக்கும் நான் சொல்லிக்கொள்வது. மாணவச் செல்வங்களே, காலை உணவைத் தவிர்க்காதீர்கள். கீரையும் முட்டையும் பயறும் கேழ்வரகும் உங்களுக்கு உரியவை. விருந்து நாளின் பிரியாணியும் உங்களுக்கு உரியதே. நடப்பதும் விளையாடுவதும் உடலுக்குத் தரும் தண்டனையல்ல, மகிழ்ச்சி. உணவை ஒளிப்பதும், உண்டதை வலிந்து வாந்தியெடுப்பதும், உண்ணவே அஞ்சுவதும் நோயின் அறிகுறிகள். அவற்றை மறைக்காமல் மருத்துவரை நாடுங்கள். நடுவணரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416இலும் பேசலாம்.

மயங்கி விழுந்த அம்மாணவி இப்போது மருத்துவரின் அறிவுரையைப் பெற்று வருகிறாள். மதிய வேளையில் தோழியருடன் அமர்ந்து பெட்டியைத் திறக்கிறாள். ஒருநாள் முழுவதும் உண்கிறாள். மறுநாள் பாதியில் மூடிவிடுகிறாள். ஒரு நொடியில் சொல்லிய சொல் ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது பாருங்கள்! அடுத்த விருந்தில் அவள் சஹனின் அருகே வரும்போது, சற்றே நகர்ந்து இடம் கொடுத்து, “வாம்மா, உட்காரு” என்று மட்டும் சொல்வோமாக. அந்நற்பண்பை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!