கேட்டவர் நெஞ்சு கல்லா?

அடுக்கம் மலையேறி, குடிசை குடிசையாகத் துயரம் கேட்டுவரும் நமது ஊழியர் இரவில் தூக்கமின்றிப் புரளுகிறார். "ஊழியனுக்கு நெஞ்சு இரும்பாக வேண்டாமா?" என்று ஏளனம் செய்கிறார்கள் சிலர். நம் அணியிலேயே! வெட்கக்கேடு!

தோழர்களே, வாச்சாத்தியை நினையுங்கள். 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக் கூட்டம் 18 பெண்களைச் சீரழித்தது. மலைவாழ் மக்கள் சங்கத்தார் அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். ஒரு தடவையா? சி.பி.ஐ.க்காக, கோர்ட்டுக்காகத் திரும்பத் திரும்ப! 2011-ல்தான், உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. ஹைகோர்ட் அதை உறுதி செய்தது 2023-ல். முப்பத்தொரு வருஷம் அந்தப் பெண்கள் புண்ணைக் கீறிக் காட்டினார்கள். கூட உட்கார்ந்து கேட்டவருக்கு மட்டும் வலிக்காதா?

சர்க்காரின் பெண்கள் உதவி மையங்களில் தினமும் இதையே கேட்பவர்கள் ஒப்பந்தக் கூலிகள். தூக்கம் வரவில்லை என்றால் யோகா செய் என்று உபதேசம்! வேலையை நிரந்தரமாக்கு, ஆளைக் கூட்டு, சம்பளத்தோடு லீவு கொடு என்கிறோம் நாம்.

நம் வீட்டையும் பார்ப்போம். இனி மலைக்கு இருவராகப் போவது. திரும்பியதும், பாதிக்கப்பட்டவர் பெயரை விட்டு, கேட்டதைத் தோழர்களிடம் இறக்கி வைப்பது. வேண்டுமானால் ஒரு வாரம் வீட்டில் தங்குவது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறோம். ஏளனம் செய்தவர்களும் அவசியம் வரவேண்டும்.