17-ஆ, 22-ஆ? கொள்முதல் நிலையத்தில் யார் சொல்வது?

கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைத்தால் மழையைக் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். மழை காரணம்தான். ஆனால் கீழ்வேளூர் போன்ற கடைமடை வட்டாரங்களில் அறுவடைக் காலம் முழுதும் நடக்கும் இழுபறியில் பாதி, உத்தரவு தெளிவாகச் சொல்லப்படாததால் வருவது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்பது ஒரு வேலையிடம். பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர், சுமைதூக்கும் தொழிலாளர்கள் என்று சிலர் சேர்ந்து நடத்துவது. பலர் பருவகாலப் பணியாளர்கள். இன்று எத்தனை மூட்டை எடுப்பது, சாக்கு எப்போது வரும், லாரி வருமா, ஈரப்பதம் எதுவரை ஏற்கலாம் என்ற நான்கு கேள்விகளுக்கும் மேலிருந்து பதில் வந்தால்தான் தராசு நகரும். அந்தப் பதில் பெரும்பாலும் செல்போனில் வாய்வார்த்தையாக வருகிறது. கணக்குக் கேட்பது மட்டும் காகிதத்தில்.

ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்வோம். விதிப்படி வரம்பு 17 விழுக்காடு. மழைக் காலங்களில் மாநில அரசு கேட்க, மத்திய அரசு தளர்த்தும். 2022 அக்டோபரில் 19 வரை, 2023 பிப்ரவரியில் 20 வரை அனுமதி வந்தது. 2025 அக்டோபர் மழையில் 22 ஆக உயர்த்தக் கோரிக்கை போனது, மத்தியக் குழுக்களும் டெல்டாவுக்கு வந்து மாதிரி எடுத்தன. கேட்டது 22, நடப்பில் இருந்தது 17. செய்தியில் 22 என்று காதில் வாங்கியவர் டிராக்டரில் நெல்லோடு வந்து நிற்கிறார். எழுத்தரின் மேசையில் ஈரப்பதமானி 19 காட்டுகிறது. அவர் என்ன செய்வார்? வாங்கிவிட்டு, கிடங்கில் எடை குறைந்தால் இழப்பு அவர் சம்பளத்தில் பிடிக்கப்படலாம். திருப்பி அனுப்பினால் அவருக்கு நஷ்டமில்லை. உத்தரவு மங்கலாக இருக்கும்போது ஊழியர் தன்னைக் காக்கும் பக்கம் சாய்வது இயல்பு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மங்கலின் விலையைக் கொடுப்பவர் வரிசையின் கடைசியில் நிற்பவர். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகை சேர்த்து சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய். அதாவது 40 கிலோ சிப்பம் ஒன்று ஆயிரம் ரூபாய். தார்ப்பாய்க்கு அடியில் சூடேறிக் கிடக்கும் ஒவ்வொரு சிப்பமும் அவ்வளவு பணம்.

சாக்கும் லாரியும் கிடங்கும் இல்லாதபோது வார்த்தையால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லாரி இல்லாத குறையை அறிவிப்புப் பலகை தீர்க்காது. ஆனால் மூன்று நாளைக்கு லாரி இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால், அறுவடை இயந்திரத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடியவர் தள்ளிவைப்பார். முடியாதவர் நெல்லை மேட்டில் குவித்து மூடவாவது செய்வார். "நாளைக்கு வாங்க" என்ற சொல்லை நம்பித் திறந்தவெளியில் கொட்டியவருக்கு அந்த வழியும் இல்லை. இன்னொரு வாதம், எல்லாவற்றையும் எழுதிப் போட்டால் இடத்துக்குத் தக்கபடி அனுசரித்துப் போக முடியாது என்பது. எழுதாத அனுசரணை எங்கே போய் முடிகிறது என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறுவதாக விவசாயச் சங்கங்கள் சொல்லிவரும் புகார், விதி எதுவென்று யாருக்கும் நிச்சயமில்லாத இடத்தில்தான் செழிக்கும்.

எழுதினால் மட்டும் போதுமா என்பது இவற்றைவிடக் கனமான கேள்வி. சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் விமான நிலைய ஓடுதளத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானி சொன்னதைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒரு விதமாகவும், கோபுரம் சொன்னதை விமானி வேறு விதமாகவும் எடுத்துக்கொண்டது அதன் காரணங்களில் ஒன்று. அதன்பின் அனுமதிக்கான சொற்கள் இறுக்கமாக வரையறுக்கப்பட்டன. கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் வலியுறுத்தப்பட்டது. நம் ரயில்வேயிலும் சிக்னலோடு பிணைக்கப்படாத, அதாவது இன்டர்லாக் இல்லாத கேட்டை மூடியதற்கு அடையாளமாக கேட் கீப்பர் ஓர் எண்ணைச் சொல்ல, நிலைய அதிகாரி குறித்துக்கொள்ளும் முறை உண்டு. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தபோது, கேட்டை மூடாமலே எண் சொல்லப்பட்டதாக விசாரணைத் தகவல்கள் வெளிவந்தன. முறை வெறும் சடங்காகிவிட்டால் அதுவும் காப்பாற்றாது. அதற்காக முறையையே கைவிடச் சொல்லவில்லை ரயில்வே. உரையாடல் பதிவுகளைத் தினமும் சரிபார்க்க உத்தரவிட்டது. கொள்முதல் நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கும் இதுவே பொருந்தும். மண்டல அலுவலகம் சொன்னதை நிலையத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். புரியாததைக் கேட்க அவருக்குத் துணிவு இருக்க வேண்டும். பருவம் முடிந்தால் வேலை இருக்குமோ இருக்காதோ என்ற நிலையில் உள்ளவர் "சரிங்க சார்" என்பதைத் தாண்டி எதுவும் பேசமாட்டார். தெளிவான பேச்சுக்கு முதல் தடை இந்தப் பயம். அதை நீக்கும் பொறுப்பு மேலே இருப்பவர்களுடையது.

சம்பா அறுவடை தொடங்கும் முன் வாணிபக் கழகம் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு நிலையத்து வாசலிலும் ஒரு கரும்பலகை. அதில் அன்றைய ஈரப்பத வரம்பு, அதற்கான உத்தரவின் எண்ணும் தேதியும், கையிருப்புச் சாக்கு, நாளை எடுக்கப்போகும் மூட்டைகள், கடைசியாக லாரி வந்த நாள். எழுதியவர் கீழே கையெழுத்திட வேண்டும். மண்டல அலுவலகம் மாலையில் அதன் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசியில் வந்த உத்தரவு அன்றைக்கே எழுத்தில் வராவிட்டால், அதன்படி நடந்த ஊழியரிடம் இழப்பைப் பிடிக்கக் கூடாது.