ஆட்சேபகரமான புறம்போக்கு

வருவாய்த்துறைத் தாள்களில் ஒரு சொல் உண்டு: ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’. ஏரி, குளம், ஆறு, ஓடை, வாய்க்கால் இவற்றைச் சேர்ந்த நிலமெல்லாம் இந்தத் தலைப்பில் வரும். இதில் குடிசை போட்டவனுக்கு எந்தக் காலத்திலும் பட்டா கிடையாது. ‘ஆட்சேபகரமற்ற புறம்போக்கு’ என்று இன்னொன்றும் உண்டு. அதில் இருப்பவன் வி.ஏ.ஓ.வைப் பிடித்து, தாசில்தாரைப் பிடித்து, கட்சிக்காரனைப் பிடித்து இருபது வருஷம் நடந்தால் ஒருவேளை பட்டா வரும். இந்தப் பெயரெல்லாம் நிலத்துக்குத்தான் என்கிறார்கள். ஆட்சேபணை நிலத்தின் மேலா, அதில் குந்தியிருக்கிற சனத்தின் மேலா என்பது நமக்குத் தெரியாதா?

புறம்போக்கு என்றால் தீர்வை விதிக்கப்படாத, தனி ஒருவனுக்குச் சொந்தமாகாத நிலம். அவ்வளவுதான் அதன் பொருள். ஆனால் இன்றைக்குத் தமிழில் அது வசவு. பொதுவாக இருப்பது எப்படி இழிவானதாக மாறியது? பொதுநிலத்தில் எவன் குடியிருந்தானோ அவன் இழிவானவனாக ஆக்கப்பட்டிருந்தான். அவன் காலடி பட்ட நிலமும், அந்த நிலத்தின் பெயரும் சேர்ந்து இழிவாயின. சாதி ஒரு சொல்லைக்கூட விட்டுவைப்பதில்லை.

இந்தப் புறம்போக்கைக் காப்பதற்கு ஒரு துறை இருக்கிறது. 2021 வரை பொதுப்பணித்துறையின் ஒரு பிரிவாக இருந்தது, இப்போது நீர்வளத்துறை என்று தனியாக நிற்கிறது. தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரிகள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பெரும்பாலும் இந்தத் துறையின் கையில், சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கையில். துறைக்கு வேலை இரண்டு. நீரைக் காப்பது ஒன்று. வெள்ளத்திலிருந்து பொதுமக்களைக் காப்பது இன்னொன்று. 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இதற்கான ஆயுதம்.

இந்த வேலை வேண்டாம் என்று எந்தச் சேரிக்காரனும் சொல்லமாட்டான். சேரி எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே விளங்கும். ஊர் மேட்டில் இருக்கும். சேரி பள்ளத்தில், கலங்கலுக்குக் கீழே, ஓடையோரத்தில், வடிகால் போய் முடிகிற இடத்தில் இருக்கும். கரை உடைந்தால் முதலில் முங்குகிற வீடு நம்முடையது. ஏரி வற்றினால் கூலி இல்லாமல் முதலில் ஊரைவிட்டு ஓடுகிறவனும் நாம்தான். ஆகவே ஏரி காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இருக்கிற அக்கறை, ஏ.சி. அறையில் உட்கார்ந்து சுற்றுச்சூழல் பேசுகிறவர்களுக்கு இருக்கிற அக்கறையைவிட ஒரு பிடி அதிகம். கேள்வி வேறு. ‘பொதுமக்கள்’ என்று இந்தத் துறை சொல்லும்போது அதில் நாம் இருக்கிறோமா? ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று சொல்லும்போது நம்மைத் தவிர வேறு எவனாவது இருக்கிறானா?

*

கொஞ்சம் பழைய கதை பார்ப்போம். ஏரியைக் காத்தது யார்? பல ஊர்களில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். மடை திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பகிர்வது, மழை ராத்திரியில் கரைமேல் நடந்து எலிவளை, நண்டுவளை பார்த்து அடைப்பது எல்லாம் அவர் வேலை. கூலி, களத்தில் அளந்து போடுகிற நெல். ஏராளமான ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் பள்ளரும் பறையரும். தண்ணீரைப் பங்கு போடுகிறவனுக்குச் சொந்தமாக வயல் இருந்தால் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வான், நிலமில்லாதவன்தான் நியாயமாகப் பங்குவைப்பான் என்று அதற்கு ஒரு தத்துவமும் சொல்வார்கள். நல்ல தத்துவம்! நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு நேர்மையை நம் தலையில் வைத்தார்கள்.

வெள்ளைக்கார அரசாங்கம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து வந்தால் பக்கத்து ஊர்களில் உள்ள உழைக்கும் வகுப்பினரைக் கட்டாயமாக வேலைக்குக் கூப்பிடலாம், வராதவனைத் தண்டிக்கலாம். பாசன வேலைகளில் ‘வழக்கமான’ உழைப்பையும் அது கட்டாயமாக்கியது. உழைக்கும் வகுப்பு என்றால் அக்ரகாரமா, மணியக்காரர் வீடா? மண்வெட்டியோடு கூப்பிடப்பட்டது யார் என்று உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்லியிருப்பார். பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் நம் உடம்பின் மேல் அரசு வைத்த கை அன்றைக்கே வைத்ததுதான்.

குடிமராமத்து, குடிமராமத்து என்று புல்லரித்துப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. 2017-இல் அதே பெயரில் அரசு திட்டம் போட்டபோது வேலையை யாரிடம் கொடுத்தது? ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம். ஆயக்கட்டில் நிலம் இருந்தால்தான் ஆயக்கட்டுதாரர். தலைமுறை தலைமுறையாகக் கரையில் மண் சுமந்தவனுக்கு அந்தச் சங்கத்தில் நாற்காலி இல்லை. ஏரியில் நமக்கு வேலை உண்டு, உரிமை இல்லை. மீன் ஏலம், மர ஏலம் எதிலும் ஊர்தான் கைநீட்டும். ஊராட்சித் தலைவர் பதவி என்றால் இந்த ஏலங்களின் மேலும் ஒரு பிடி கிடைக்கிறது என்று அர்த்தம். தனித்தொகுதியான மேலவளவில் 1997 ஜூன் 30-ஆம் தேதி தலைவர் முருகேசனையும் மற்ற ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்களே, வெறும் நாற்காலிக்காகவா வெட்டினார்கள்?

*

இனி பட்டணத்துக்கு வருவோம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை கரைகளில் தூங்கிக்கொண்டிருந்த சனம் கழுத்தளவு தண்ணீரில் எழுந்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை அதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றே சொன்னது. ஏரி நிர்வாகத்தில் குறை, திட்டமிடலில் குறை. சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? தண்ணீர் வடிந்ததும் வெளிமாவட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பட்டணத்தின் சேற்றையும் மலத்தையும் அள்ளினார்கள். அள்ளி முடித்ததும் வெள்ளத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. காரணம் ஆற்றங்கரைக் குடிசை!

கூவம் சீரமைப்புக்காக மட்டும் 14,000-க்கு மேற்பட்ட குடும்பங்களை அப்புறப்படுத்தத் திட்டம். அடையாறு தனிக் கணக்கு. பெரும்பகுதி நம் சனம். கூடவே மற்ற சாதி ஏழைகளும் முஸ்லிம்களும். கொண்டுபோய்க் கொட்டிய இடம் எது? இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கம். அதற்கு முன்னால் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. இவை மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்நிலம். வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று ஆற்றங்கரையிலிருந்து தூக்கிச் சதுப்பில் போட்டார்கள். அதே 2015-லும் தண்ணீர் அங்கே நின்றது, 2023 டிசம்பர் புயலிலும் நின்றது. 2022-இல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் என்ற சர்வதேசப் பட்டியலில் இடம் கிடைத்தது. பறவைக்குச் சர்வதேசப் பாதுகாப்பு. நல்லது, பறவை வாழட்டும். பக்கத்திலேயே எட்டு மாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட மனுசனுக்கு என்ன பாதுகாப்பு? வீட்டு வேலைக்குப் போன பொம்பளைகள் வேலையை விட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறினால் பஸ் கட்டணம் குறைந்துவிடுமா?

2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய்ப் புறம்போக்கு என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். இடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்துப்போனார். நீதிமன்ற உத்தரவு, சட்டப்படி நடந்தது என்றார்கள். அதே பக்கிங்ஹாம் கால்வாயின் வயிற்றில் தூண் நட்டுத்தான் பறக்கும் ரயில் விட்டார்கள். மயிலாப்பூர் ஸ்டேஷன் கால்வாய்க்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி விமான ஓடுதளத்தை நீட்டினார்கள், 2015-இல் விமான நிலையமே மூழ்கி நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உலகனேரிக் கண்மாயில். இவை எதற்கும் ஆக்கிரமிப்பு என்று பெயர் இல்லை. வளர்ச்சி என்று பெயர். கண்மாய்க்குள் உட்கார்ந்துகொண்டே கண்மாயை ஆக்கிரமித்தவனை அகற்றச் சொல்லி உத்தரவு போட முடிகிற நாடு இது.

*

‘அவன் செய்தான் என்பதற்காக நீயும் செய்யலாமா? ஆற்றுக்குச் சாதி தெரியுமா? கரையில் வீடு இருந்தால் வெள்ளம் வராதா?’ என்று கேட்கும் நண்பர்கள் நமக்குள்ளும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டும்.

ஆற்றுக்குச் சாதி தெரியாது. ஆனால் யாரைக் கரைக்குத் தள்ளுவது என்பது சாதிக்குத் தெரியும். நாம் ஆசைப்பட்டா கூவக்கரைக்குப் போனோம்? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கைக்குப் பின் 1892-இல் ஆணையிட்டுக் கொடுத்த பஞ்சமி நிலம் எங்கே? பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறோம். அது இன்று யார் கையில்? காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு, ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் உயிர். பஞ்சமி நிலம் நம் கையில் இருந்திருந்தால் பட்டணத்துக் கால்வாயோரம் எவன் குடியிருக்கப் போகிறான்? நம் நிலத்தில் ஆக்கிரமிப்பாளன் பட்டாவோடு உட்கார்ந்திருக்கிறான். பொது நிலத்தில் ஒதுங்கிய நம் கையில் இருப்பது பி மெமோ. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அபராதம் கட்டிய ரசீது. தான் இங்கே இருந்ததற்கு அதுதான் சாட்சி என்று அந்த அபராத ரசீதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிற கிழவிகளை வங்கிக் கவுண்டரில் நான் பார்க்கிறேன். பட்டா இருக்கா, சிட்டா இருக்கா என்று கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான். அந்த ரசீதுக்கு எந்த வங்கியிலும் கடன் கிடையாது.

பொதுப் பாதுகாப்பு என்று சொல்கிறார்களே, 2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரை நினைத்துப் பாருங்கள். அருந்ததியர் குடியிருப்பை மறைத்து எழுப்பிய இருபதடிக் கருங்கல் சுவர் மழையில் சரிந்து 17 பேர் செத்தார்கள். சுவரால் ஆபத்து என்று அந்த சனம் முன்பே சொல்லியிருந்தது. எந்த அதிகாரி ஜே.சி.பி. கொண்டுவந்தார்? நியாயம் கேட்டவர்களைத்தான் போலீஸ் அடித்துச் சிறையில் தள்ளியது. குடிசையை இடிக்க வரும் வேகம் சுவரை இடிக்க வருவதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது சலுகை இல்லை, கணக்கு. ஒவ்வொரு ஏரியிலும் யார் எத்தனை ஏக்கர் வளைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஏரிக்குள் பயிர் வைத்திருக்கும் ஏக்கர்களும், கல்லூரிகளும், அரசுக் கட்டடங்களும், கடைசி வரியில் நம் ஒன்றரை சென்ட் குடிசைகளும் அதே தாளில் இருக்கட்டும். அகற்றுவது பெரிய வரியிலிருந்து தொடங்கட்டும். கரையிலிருந்து எழுப்பப்படும் குடும்பத்துக்கு அதே வட்டாரத்தில், பள்ளிக்கூடமும் பிழைப்பும் விடாத தூரத்தில், மேட்டு நிலத்தில் இடம் தரவேண்டும். மாற்று வீட்டின் சாவி கையில் வராமல் ஒரு கீற்றையும் பிரிக்கக் கூடாது. நீர்க்கட்டி வேலையை மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அரசு வேலையாக்க வேண்டும். ஏரிச் சங்கங்களில் நிலமில்லாதவனுக்கும் ஓட்டு, ஏல வருமானத்தில் சேரிக்கும் பங்கு. பஞ்சமி நிலம் மீட்பு இதற்கெல்லாம் முன்னால்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் நோட்டீஸ் ஒட்ட வருவார்கள். வரட்டும். உங்கள் பகுதிக்கு வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். வாயால் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். தனியாக வேண்டாம், தெருவே சேர்ந்து கேளுங்கள்.