எரிவது டீசல் மட்டுமா?

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினர். உலகச் சந்தையில் விலை சரிந்தால் இங்கும் சரியும் என்றனர். சரிந்ததா? 2020இல் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்தில் வீழ்ந்தது. மத்திய அரசின் தீர்வையோ விண்முட்ட எழுந்தது! 2014 ஏப்ரலில் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. 2020 மே திங்களில் 31 ரூபாய் 83 காசு! 2021இலும் 2022இலும் 16 ரூபாய் குறைத்தனர். 2022இல் குறைத்த பின்னும் பழைய தீர்வையைப்போல் நான்கு மடங்காய் இருந்தது!

நாமக்கல்லில் கடன்பட்டு லாரி வாங்கியவன் நிலை என்ன? தவணை, டயர், காப்பீடு, சுங்கச்சாவடி. அத்தனைக்கும் மேல் டீசல்! வாடகையை உயர்த்தினால் சரக்கு இல்லை. உயர்த்தாவிடில் லாரியே இல்லை. அந்த லாரி சுமப்பது சீமான்களின் உல்லாசத்தையா? ஏழையின் அரிசியை, வெங்காயத்தை! தீர்வையைக் குறைப்பது சலுகையன்று, கடமை. எரிவது டீசல் மட்டுமன்று; ஏழையின் வயிறுந்தான்!