ஊற்றுணர்வும் செயற்கைத் தோலும்

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்த தொல்காப்பியர், அவ்வோரறிவு ஊற்றுணர்வே என்றார். அறிவுகளுள் முதலாக எண்ணப்பெற்ற அதனை யந்திரத்துக்கும் அளிக்க விஞ்ஞானிகள் இன்று முயல்கின்றனர்.

விரல்நுனியைத் துணியின்மீது நகர்த்துங்கால் நுண்ணிய அதிர்வுகள் எழுகின்றன. அவற்றைக் கொண்டு, பட்டு இது, பருத்தி இது எனப் பகுத்தறிகின்றோம். 2009ஆம் ஆண்டிற் பாரிஸ் நகர ஆய்வாளர், விரல்ரேகையை ஒத்த வரம்புகளையுடைய உறையொன்றைத் தொடுகருவியிற் பொருத்தி, அவ்வதிர்வுகள் வலுப்பெறுதலைக் காட்டினர். 2010இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார், நுண்கூம்பகங்கள் அமைந்த வளையும் இறப்பர்ப் படலத்தினால் ஓர் ஈயின் பாரத்தையும் அளந்தறிந்தனர்.

இத்தோல் முதலிற் சென்றடைய வேண்டியது தொழிற்சாலை யந்திரத்தையா, கையிழந்த மனிதனையா? மனிதனையே என்பது எமது துணிபு. 2009இல் முடிவுற்ற போரினாலும், கண்ணிவெடியினாலும் உறுப்பிழந்தோர் எம்மிடையே வாழ்கின்றனர். அவர் அணியும் செயற்கைக் கை பொருளைப் பற்றும். பற்றியது குழந்தையின் விரலோ விறகோ என்று அறியாது. கருவி அறிந்ததை நரம்புக்கு உணர்த்தும் வழியும் வேண்டும். விலையும் எளியோர்க்கு எட்டுதல் வேண்டும். இவை மருத்துவரும் பொறியியலாளரும் கூடி ஆற்றவேண்டிய பணிகள்.

அவ்விரு துறைகளிலும் விளங்கும் எம் பழைய மாணவர்காள், இப்பணியிற் கருத்தூன்றுங்கள். இன்று விஞ்ஞானகூடத்திற் பயிலும் மாணவரும் இதனைத் தம் இலக்குகளுள் ஒன்றாகக் கொள்வாராக. கல்லூரித் தாய்க்கு விழாவெடுக்கும் இவ்வேளையில் அவளுக்கு நாம் அளிக்கத்தக்க காணிக்கை, பிறர் துயர் துடைக்கும் கல்வியேயாம்.