காதுக்குள் ஒரு தறி

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகக் காவேரிக் கரை வரையில் பிரயாணம் செய்தவர்கள், இந்தச் சமவெளியின் சங்கீதத்தை அறிவார்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகளின் ஓசை தெருவெல்லாம் நிறைந்திருக்கும். நாமக்கல் பக்கம் திரும்பினால், லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் சம்மட்டிச் சத்தம். ஊர் உழைக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி; ஆகையால் அதைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை.

ஆனால், தறி நின்ற பிறகும் காதுக்குள் சத்தம் நிற்காவிட்டால்?

நமக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் ஒருநாள் காலையில் விழித்தபோது இடது காது அடைத்திருந்தது. கூடவே ஓர் இரைச்சல். வீட்டுப் பெரியவர்கள் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டார்கள். "முப்பது வருஷம் தறியடியில் நின்ற காது, வேறென்ன ஆகும்?" என்று அண்டை வீட்டார் தீர்ப்புக் கூறினார்கள். ஒரு மாதம் கழித்து வைத்தியரிடம் போனார். "முதல் வாரத்திலேயே ஏன் வரவில்லை?" என்பதுதான் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி.

அந்தக் கேள்வி நியாயமானது. தறியின் ஓசை இரண்டு காதுகளையுமே சிறிது சிறிதாகத் தேய்க்கும். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று நமது தொழிற்சாலை விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. தறிக்கூடங்களில் அந்த எல்லை மீறப்படுவது சகஜம். ஆனால் ஒரே காது, ஒரே இரவில் கேளாமற் போவது வேறு வியாதி. பெரும்பாலும் அதன் காரணம் புலப்படுவதில்லை. ஸ்டீராய்டு மருந்தை முதல் 2 வாரங்களுக்குள் தொடங்கினால், இழந்ததில் கொஞ்சமாவது திரும்பும் வாய்ப்பு அதிகம். நாள் கடந்தால் வாய்ப்புக் குறையும். அபூர்வமாகச் செவி நரம்பில் வளரும் கட்டியும் காரணமாகலாம், அதனால்தான் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்லுகிறார்கள்.

காதே கேட்காதபோது இரைச்சல் எங்கிருந்து வருகிறது? ரேடியோவில் நிலையம் அகப்படாதபோது ஒலியைக் கூட்டினால் கரகரப்புத்தானே பெருகுகிறது? காதிலிருந்து செய்தி வராத மூளையும் அவ்வாறே செய்கிறது என்பது நிபுணர்களின் கருத்து. ஆகவே இரைச்சல் உள்ளவரைப் பார்த்து, "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று சொல்வது பெரும் அநியாயம்.

செய்தியை மீண்டும் அனுப்பினால் மூளை அடங்குமா? பெல்ஜியம் தேசத்து ஆண்ட்வெர்ப் நகரில் பால் வான் டெ ஹெய்னிங் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தார்கள். நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் உட்செவிக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, வெளி ஓசையை மின் துடிப்பாக மாற்றி, நேரே நரம்புக்கு அளிக்கும் கருவி ஒன்று உண்டு. 'காக்ளியர் இம்ப்ளாண்ட்' என்பது அதன் பெயர். ஒரு காது கேளாமல், கடும் இரைச்சலால் வாடிய 21 பேருக்கு அதைப் பொருத்தினார்கள். 2008-ல் முடிவு வெளியாயிற்று. 10-க்கு 8½ என்று அவர்கள் மதிப்பிட்ட இரைச்சல், சுமார் 2½ ஆகத் தணிந்திருந்தது. கருவியை நிறுத்தினால் மீண்டும் ஏறிற்று. ஆகவே இது வியாதியை வேரறுக்கும் மருந்து அல்ல. அடக்கி வைக்கும் காவல். 2019-ல் அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா, ஒரு பக்கக் காது கேளாமைக்கு இக்கருவியை அனுமதித்தது.

எல்லோருக்கும் இது உகந்ததென்று யாரும் எண்ண வேண்டாம். ரண சிகிச்சை தேவை. பிறகு மாதக் கணக்கில் கேட்டுப் பழக வேண்டும். செவி நரம்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும். கொஞ்சம் கேட்கும் காதாயிருந்தால், சாதாரணச் செவிக்கருவியே இரைச்சலைத் தணிக்கக் கூடும். அதையே முதலில் முயல வேண்டும்.

செலவோ பல லட்சம் ரூபாய். இங்கே பொருத்தப்படும் கருவிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா முதலிய தேசங்களிலிருந்து வருபவை. தமிழ்நாட்டு சர்க்காரின் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதை இலவசமாக அளிக்கிறது. பேச்சுக் கற்க வேண்டிய குழந்தைக்கு முதலிடம் கொடுத்தது மிகவும் சரி. ஆனால் இரைச்சலால் தூக்கம் இழந்து வேலையை விடும் நிலைக்கு வந்த குடும்பத் தலைவரையும் ஒருநாள் கவனிக்கத்தான் வேண்டும். நெய்து கொடுக்கும் கைகளுக்கு நாடு பட்ட கடன் அது.

நம் தறிக்காரர் இப்போது மார்கழிக் குளிரிலும் மின்விசிறியைச் சுழலவிட்டே தூங்குகிறார். நிசப்தம் அவருக்குச் சத்துருவாகி விட்டது. நேயர்களின் வீட்டில் யாருக்கேனும் ஒரு காது திடீரென்று அடைத்தால், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டாம்; அன்றைக்கே காது வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். எந்தக் கருவியையும் விட மலிவான சிகிச்சை அதுதான்.